எண்ணத்தோடு ஓட்டப்பந்தயம்: ஒரு குளிர்கால விடுமுறை நாட்குறிப்பு

8 பிப்ரவரி 2025, சனி

டென்மார்க்கில் தேதியைவிட வாரத்தின் எண்ணைச் சொல்லித்தான் எதையும் திட்டமிடுவார்கள். வருவது ஏழாவது வாரம், மகனுக்குக் குளிர்கால விடுமுறை. பதினொரு வயது. எங்கள் ஊர் நூலகத்தின் அனிமேஷன் பட்டறையில் பெயர் கொடுத்திருக்கிறான். ஐந்து நாளில் ஆளுக்கொரு சின்னப் படம் செய்ய வேண்டும், பழைய நோர்ஸ் கதைகளிலிருந்து, அதாவது வட ஐரோப்பியர்களின் பழங்காலத் தெய்வக் கதைகளிலிருந்து. எந்தக் கதையை எடுப்பது என்று காலையிலிருந்து என்னை அரித்தெடுத்தான். இரவு ‘வல்ஹல்லா’வைப் போட்டுக் காட்டினேன்.

1986 அக்டோபரில் வெளிவந்த டெனிஷ் அனிமேஷன் படம் அது. பீட்டர் மாட்சனும் நண்பர்களும் செய்த சித்திரக்கதைத் தொடரிலிருந்து பிறந்தது. தொடரின் முதல் புத்தகம் 1979 இல் வந்தது, பதினைந்தாவது 2009 இல். படம் திரைக்கு வந்தபோது இயக்குநர் மாட்சனுக்கு 28 வயதுதான். எல்லாம் கையால் வரைந்தது.

கதை ஒரு ஏழைக் குடியானவன் வீட்டில் தொடங்குகிறது. இடித் தெய்வம் தோரும், கூடவே வம்புக்காரன் லோக்கியும் இரவு தங்க வருகிறார்கள். வீட்டில் சாப்பாடு இல்லை. தோர் தன் தேரை இழுக்கும் இரண்டு ஆடுகளையே அறுத்துக் கொடுக்கிறான். ஒரே நிபந்தனை: எலும்பு எதுவும் உடையக்கூடாது. காலையில் சுத்தியலை ஓங்கினால் ஆடுகள் உயிரோடு எழுந்துவிடும். வீட்டுப் பையன் தியால்ஃபேயின் காதில் லோக்கி ஏதோ ஓத, அவன் தொடை எலும்பைப் பிளந்து மூளையை உறிஞ்சிவிடுகிறான். விடிந்ததும் ஓர் ஆடு நொண்டுகிறது. அந்தக் குற்றத்துக்கு ஈடாகத் தியால்ஃபே வேலைக்காரனாகத் தெய்வங்களின் ஊருக்குப் போகிறான். தங்கை ரொஸ்க்வாவும் ஒளிந்துகொண்டு கூடப் போய்விடுகிறாள்.

கம்பளிக்குள் சுருண்டு பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆட்டெலும்பை உறிஞ்சாமல் வைக்கச் சொல்கிறானா? இவனெல்லாம் என்ன சாமி!”

9 பிப்ரவரி, ஞாயிறு

மகனுக்கு லோக்கியைத்தான் பிடித்திருக்கிறது. கவலைப்படவில்லை. பதினொரு வயதில் எனக்கும் அப்படித்தான்.

ஆனால் ஒரு கேள்வி கேட்டான். “லோக்கி சொல்லித்தானே உடைத்தான்? ஏன் அதைத் தோரிடம் சொல்லவில்லை?” ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் 13ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த உரைநடையில் லோக்கி தூண்டியதாக இல்லை. பையன் தானாகவே கத்தியால் பிளக்கிறான். பழைய செய்யுள் ஒன்றில்தான் ஆடு நொண்டியதற்கு லோக்கி காரணம் என்று ஒரு வரி வருகிறது. படம் செய்தவர்கள் இரண்டையும் படித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அவனிடம் இதையெல்லாம் சொன்னேன். “அப்படியென்றால் யார்தான் உடைத்தது?” என்றான். இதற்குத்தான் நான் ஆசிரியையாகவில்லை.

10 பிப்ரவரி, திங்கள்

பட்டறையின் முதல் நாள். அவனை இறக்கிவிட்டு வேலைக்குப் போனேன். மழை, காற்று, மூன்று பாகை. பனி கொட்டினாலாவது பார்க்க அழகாக இருக்கும்.

படத்தை முதன்முதலில் நான் பார்த்தது 1989 இல், எங்கள் பள்ளியில். ஆசிரியை தொலைக்காட்சிப் பெட்டியைச் சக்கர மேசையில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தார். நாங்கள் இலங்கையின் பருத்தித்துறையிலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. எனக்கு ஒன்பது வயது, டெனிஷ் அரைகுறை. பேச்சு புரியாவிட்டாலும் ஒன்று நன்றாகப் புரிந்தது. வீரனாகலாம் என்ற கனவோடு வானவில் பாலத்தைக் கடந்து வந்த பிள்ளைகளுக்கு அங்கே கிடைத்தது துடைக்கவும் கழுவவும் வேண்டிய வீட்டுவேலை. அப்பா அப்போது மீன் தொழிற்சாலையில் இரவில் தரை கழுவிக்கொண்டிருந்தார். ஊரில் அவர் பள்ளிக்கூட வாத்தியார். டென்மார்க்கைப் பற்றிக் கடிதங்களில் படித்ததற்கும் வந்து பார்த்ததற்கும் இருந்த இடைவெளி எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். அதை ஒரு கார்ட்டூன் சொல்லிவிட்டது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிரித்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடித உறைகளைப் பிரித்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் மொழிபெயர்த்தது நான்தான். வைத்தியரிடமும் நான்தான் போய்ப் பேசினேன், அம்மாவின் வயிற்று நோவைப் பற்றி, எனக்கு அர்த்தம் தெரியாத சொற்களில். அந்த வருடம் எனக்கு வயது கூடியது ஒன்றல்ல, நாலைந்து.

11 பிப்ரவரி, செவ்வாய்

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். அங்கே 91 வயதான பழைய விவசாயி ஒருவர் இருக்கிறார். டெனிஷில் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் கூப்பிட வேண்டும், அவரையும். முப்பத்தாறு வருடம் ஆகியும் அது எனக்கு உள்ளூரக் கூசுகிறது. அதனால் இங்கே எழுதும்போதாவது ‘அவர்’.

மகன் தோர் கதை ஒன்றைப் படமாக்கப் போகிறான் என்று சொன்னதும் கண் விரிந்தது. கதைகள் முழுக்க அவருக்கு மனப்பாடம். உத்கார்ட் பயணத்தைச் சொன்னார். ராட்சதர்களின் கோட்டையில் தோரும் கூட்டாளிகளும் வித்தை காட்ட வேண்டும். லோக்கி தின்கிற போட்டியில் இறங்குகிறான். எலும்பை மட்டும் விட்டுவிட்டு இறைச்சியெல்லாம் தின்று முடிக்கிறான். எதிராளி லோகி எலும்பையும் தின்று, தொட்டியையும் தின்றுவிடுகிறான். பிறகுதான் தெரிகிறது, அந்த லோகி காட்டுத்தீ.

இந்தக் குறிப்பை எழுத ஆரம்பித்தபோதே வம்புக்காரனுக்கு நடுவில் ‘க்’ போட்டு ‘லோக்கி’ என்று எழுதியதன் காரணம் இதுதான். டெனிஷில் ஒலி வேறு வேறு. தமிழில் ‘க்’ போடாவிட்டால் ஒரே ஆள் தன்னோடு தானே போட்டி போட்டுத் தோற்றது போலாகிவிடும். லோக்கியின் குணத்துக்கு அதுவும் பொருந்தும்தான்.

12 பிப்ரவரி, புதன்

மகன் முடிவெடுத்துவிட்டான். அதே கோட்டையில் நடக்கும் தியால்ஃபேயின் ஓட்டப்பந்தயம். மனிதர்களிலேயே வேகமான பையன், எதிரே ஹூகி என்ற சிறுவன். மூன்று முறை ஓடுகிறார்கள். முதல் முறை, ஹூகி எல்லையைத் தொட்டுத் திரும்பி தியால்ஃபேயை எதிர்கொள்கிறான். இரண்டாம் முறை, தியால்ஃபே ஓர் அம்பு பாயும் தூரம் பின்தங்குகிறான். மூன்றாம் முறை அவன் பாதி வழியைக்கூட எட்டவில்லை. ஹூகி என்பது எண்ணம்.

ஓடுவதை வரைவது எவ்வளவு கடினம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. திரைப்படத்துக்கு விநாடிக்கு 24 சட்டகம். பட்டறையில் 12 வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். கால் ஊன்றுவது, உடல் தாழ்வது, தாண்டுவது, மேலெழுவது என்று முதன்மைப் படங்களைப் போட்டுவிட்டு நடுவே இடைப்படங்களை நிரப்ப வேண்டும். ‘வல்ஹல்லா’வுக்கு இப்படி ஒன்றேகால் மணி நேரம் வரைந்திருக்கிறார்கள்! அதில் வேலை பழகிய சிலர்தான் 1988 இல் கோபன்ஹேகனில் ‘ஏ. ஃபிலிம்’ என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார்கள். டென்மார்க்கில் அனிமேஷன் ஒரு தொழிலாக வேர்விட்டதில் அந்தப் படத்துக்குப் பங்குண்டு. படத்தின் நடுப்பகுதி இழுவை என்பது என் எண்ணம். குவார்க் என்ற ராட்சதக் குழந்தையின் அட்டகாசம் ஒரு கட்டத்துக்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. மகன் அந்த இடங்களில்தான் விழுந்து விழுந்து சிரித்தான்.

13 பிப்ரவரி, வியாழன்

இன்றைக்கு டெனிஷில் ‘டோர்ஸ்டே’, தோரின் நாள். ரோமானியர்கள் கிழமைகளுக்குக் கிரகங்களின் பெயர் வைத்தார்கள். வடக்கே அந்த இடங்களில் தங்கள் தெய்வங்களைப் பொருத்திக்கொண்டார்கள். ரோமானியருக்கு வியாழன் கிரகத்தின் தெய்வம் யூப்பிடர், இடி முழக்குகிறவர், ஆகவே இங்கே தோர். செவ்வாய்க்குப் போர்த் தெய்வம் டைர், புதனுக்குத் தலைமைத் தெய்வம் ஓடின், வெள்ளிக்கு அவன் மனைவி ஃபிரிக். அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறாள், பக்கத்து வீட்டில் அதே நாளுக்கு ஃபிரிக்கின் பெயர். சனிக்கிழமை மட்டும் ஒத்துவரவில்லை. அதன் டெனிஷ் பெயருக்குக் ‘குளிக்கும் நாள்’ என்று பொருள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வீட்டில் பிறந்த எனக்கு அதில் பேதமே தெரியவில்லை.

மகன் அழுகிற நிலையில் வந்தான். தியால்ஃபே நன்றாக ஓடுகிறான், ஹூகிதான் சரியில்லை. அவனையும் காலெடுத்து ஓட வைத்தால் வேகமான பையன் போலத்தான் இருக்கிறான், எண்ணம் போல இல்லை. கால்களை மறைத்து நகர்த்தினால் சறுக்குகிறான். பின்னால் கோடுகள் இழுத்தால் ரயில்.

“எண்ணம் எப்படி அம்மா ஓடும்?”

சோற்றை வடித்துக்கொண்டே சொன்னேன்: “பருத்தித்துறையில் அம்மம்மா வீட்டுக் கிணற்றடியை நினை.” ஆறு வயதில் ஒரு முறை கூட்டிப்போயிருக்கிறோம்.

“நினைத்துவிட்டேன்.”

“போய்விட்டாயா?”

“போய்விட்டேன்.”

“வழியில் என்ன பார்த்தாய்?”

யோசித்தான். “ஒன்றுமே இல்லை.” பிறகு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினான். சோறு ஆறிப்போனது. ஹூகிக்கு இடைப்படமே கிடையாது என்பது அவன் கண்டுபிடிப்பு. கோட்டில் நிற்கும் படம் ஒன்று, எல்லையில் நிற்கும் படம் ஒன்று. தியால்ஃபேக்கு ஒரு பந்தயத்துக்கு 36 படம், ஹூகிக்கு இரண்டே.

நான் அடுப்படியில் நின்றேன். கிணற்றடியில் துலா கிரீச்சிடுகிற சத்தம் கேட்டது.

14 பிப்ரவரி, வெள்ளி

கதையின் கடைசிப் போட்டி மல்யுத்தம். தோருக்கு எதிரே எல்லி என்ற கிழவியை நிறுத்துகிறார்கள். அவன் எவ்வளவு முறுக்கியும் அவள் அசையவில்லை. கடைசியில் தோர் ஒரு முழங்காலில் விழுகிறான். அவள்தான் முதுமை. எல்லி என்றால் பழந்தமிழில் இரவு. பெயர் தற்செயலாக ஒத்துப்போனதுதான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று காலை அந்த விவசாயி யாரையும் கூப்பிடாமல் தானாகவே எழப் பார்த்திருக்கிறார். நான் போனபோது கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி ஒரு முழங்காலில் இருந்தார். அடி எதுவும் இல்லை. தூக்கும் கருவியைக் கொண்டுவரும்வரை அப்படியே இருக்கச் சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மூச்சிரைக்கச் சொன்னார்: “ஒரு முழங்கால்தான். எண்ணிக்கொள்.”

எண்ணிக்கொண்டேன். விபத்துப் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

15 பிப்ரவரி, சனி

நேற்று பட்டறையில் எல்லாப் பிள்ளைகளின் படத்தையும் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், நான் வேலையில் இருந்தேன். இன்று வீட்டில் பார்த்தோம். ஒன்பது விநாடி. தியால்ஃபேயின் காது ஒன்று மூன்றாவது பந்தயத்தில் காணாமல் போய்விடுகிறது. அம்மா பார்த்துவிட்டு, “பிள்ளை பாவம், இப்படி ஓடுகிறானே” என்றாள். ஹூகியை அவள் கவனிக்கவே இல்லை. ஏதோ திரையில் அழுக்கு என்று நினைத்திருக்கிறாள்.

16 பிப்ரவரி, ஞாயிறு

மகனை முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். அவனாகத்தான் கேட்டான். விவசாயி சாய்நாற்காலியில் இருந்தார், முழங்காலில் சின்னக் கட்டு. டேப்லெட்டை அவர் மடியில் வைத்தான். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, போட்டுக்கொள்ள எடுத்த நேரத்தில் படத்தை ஐந்து தடவை பார்த்திருக்கலாம்.

முடிந்ததும் ஒன்றும் பேசவில்லை. மறுபடி போடச் சொன்னார். போட்டான். ஹூகி பளிச்சென்று அங்கே இருந்தான். தியால்ஃபே கையை வீசி வீசி ஓடினான், பாதி வழியில் நின்றான். மூன்றாம் முறை போடும்போது அவர் விரல் திரையில் தியால்ஃபேயோடு மெதுவாக நகர்ந்தது.

“காது எங்கே?” என்று கேட்டார்.

“மறந்துவிட்டேன்,” என்றான் மகன்.

“காற்றில் போயிருக்கும். வேகமாக ஓடினால் போகும்.” மறுபடி போடு என்று கையைக் காட்டினார். தியால்ஃபே இரண்டு காதுகளோடு கோட்டில் வந்து குனிந்து நின்றான்.