தெரியட்டும்

“அண்ணே, இப்படிச் செஞ்சா ஆள் யாருன்னு தெரிஞ்சிடாதா?” என்று கேட்டார் இயக்குநர் தம்பி. “தெரியட்டும்” என்றேன். படத்தின் ஒலிகளை நான் கலந்து சரிசெய்த மிக்ஸிங்கில் எவ்வளவோ பேசினோம். இது மட்டும் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

சின்ன பட்ஜெட் ஸ்லாஷர், அதாவது ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்றுகொண்டே போகும் திகில் படம். ஒரே கட்டடம், ஐந்தாறு பேர், ஒரு கத்தி. ஸ்பாட்டில் பதிவான ஒலி முழுக்க டியூப்லைட் சோக்கின் ரீங்காரம். வழக்கமாகத் துடைத்துவிடுவோம். நான் துடைக்கவில்லை. வராந்தா காட்சிகளில் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். கொலைகாரன் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சட்டென்று அறுத்தேன். காது அடைத்த மாதிரி ஆகிவிடும். வாட்ச்மேன் சாவிக்கொத்தை நீட்டும் காட்சியிலும் அறுத்தேன். அதுவரை யாரும் சாகவில்லை. தம்பி அங்கேதான் கேட்டார்.

என்னிடம் நியாயம் இருந்தது. ‘ஃப்ரைடே தி தர்ட்டீன்த்’ (1980) படத்தில் இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி, கொலையாளி நிஜமாகவே அங்கே இருந்தால்தான் இசை என்று வைத்துக்கொண்டார். சும்மா டமாரென்று அடித்துப் பார்ப்பவரை ஏமாற்றவில்லை. ஆனால் அங்கே கொலையாளியின் முகம் கடைசிக் கட்டம்வரை திரைக்கே வராது. இசை யாரைக் காட்டிக்கொடுக்கும்? எங்கள் படத்தில் முகம் எதிரிலேயே நின்றது. தம்பி இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சரி, ‘ஹாலோவீன்’ (1978)? கொலைகாரன் யாரென்று முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுகிறது. பயம் குறைந்தா போனது? இசை சேர்க்காமல் ஒரு ஸ்டுடியோ அதிகாரிக்குப் போட்டுக் காட்டியபோது அவர் பயப்படவே இல்லை என்று படத்தை இயக்கி இசையும் அமைத்த ஜான் கார்பென்டரே எழுதியிருக்கிறார். ஆக, பயம் காதில் இருக்கிறது. இதை யாரிடமும் வாதாடுவேன். என்ன, கார்பென்டர் எழுதியதே அப்படிப்பட்ட கதை. தம்பி எழுதியது ‘யார் அவன்’ கதை. அதைத் ‘தெரியட்டும்’ கதையாக்க நான் யார்?

படம் பார்த்தவர்கள் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: “வாட்ச்மேன்தான்னு சீக்கிரமே தெரிஞ்சிடுச்சு, ஆனா படம் முழுக்க என்னமோ பண்ணுச்சு.” இரண்டாவது பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் பாதிக்குக் கேமராவைக் கைகாட்டுகிறேன். அந்தச் சாவி பிடித்த கையில் அது தேவைக்கு மேல் நின்றது, உண்மைதான்.

தம்பி அடுத்த ஸ்கிரிப்டை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பக்கங்கள் மட்டும் வேண்டாம் என்றிருக்கிறேன். மிக்ஸிங்குக்கு அது சரிப்படாது என்று எனக்கே தெரியும்.