பார்த்த பழக்கம்

2021 ஜூன் 30 அன்று மாலை, தபால் அலுவலகக் கவுண்டரில் கடைசியாக ஒரு ரிஜிஸ்டர் தபாலுக்கு ரசீது போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்தேன். கொரோனா நேரம், விழா எதுவும் கிடையாது. ஒரு மாலை, ஒரு சால்வை, முகக்கவசத்தோடு ஒரு போட்டோ. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

33 வருஷம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். கடைவீதியில் நடந்தால் பத்தடிக்கு ஒருவர் கும்பிடுவார். மதுரையில் எனக்குத் தெரியாத ஆளே இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த செப்டம்பரில் ஒருநாள் கைபேசியை எடுத்து, ஒரு மாதமாக யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்த்தேன். மகள், மச்சினன், சிலிண்டர் கொண்டுவந்த பையன், கடன் வேண்டுமா என்று கேட்ட ஒரு பெண். அவ்வளவுதான். அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்தில் ஒருவரைத் தெரியுமா என்று கேட்டால் பதிலிலேயே அளவு சொல்லிவிடுவோம். "பார்த்த பழக்கம்தான்" என்போம். "நல்லா பேசிப் பழகின ஆளு" என்போம். அதற்கும் மேலே "வீட்டுக்கு வந்து போற பழக்கம்." எனக்கு இருந்ததெல்லாம் முதல் வகை. அதுவும் கவுண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்த பழக்கம். நான் யார் பெயரையும் வாய்விட்டுக் கேட்டதில்லை, படிவத்தில் பார்த்ததோடு சரி.

அடுத்த மாதம் சர்க்கரை கூடியிருக்கிறது, நடங்கள் என்று டாக்டர் சொன்னார். வீடு ஐராவதநல்லூர் பக்கம் என்பதால் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போக ஆரம்பித்தேன். நாலு பக்கமும் ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். திருமலை நாயக்கர் மகால் கட்ட மண் எடுத்த இடம் என்பார்கள். அப்படித் தோண்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்பதும் ஊரறிந்த கதை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிற்கிறது. காலை ஆறு மணிக்கு மாரியம்மன் கோயில் பக்கம் நின்று பார்த்தால் மைய மண்டபம் தண்ணீருக்குள் தலைகீழாகத் தெரியும்.

முதல் இரண்டு மாதம் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடந்தேன். தினமும் அதே நாற்பது ஐம்பது முகங்கள். அவர்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அதை மாற்றியது என் வீட்டுக்காரம்மாதான். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், அவள் வாரத்தில் மூன்று நாள் பெரியார் பஸ் நிலையம் பக்கம் போய் வர ஆரம்பித்தாள். ஆறே மாதத்தில் அந்த பஸ்ஸில் அவளுக்கு ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லிகை எடுத்து வந்து விற்கிற அம்மா, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் இரண்டு பிள்ளைகள், பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்புகிற ஒரு பாட்டி. எப்படிம்மா பிடிச்சே என்று கேட்டேன். "பக்கத்துல உட்கார்ந்தா கேட்க வேண்டியதுதானே. இந்தப் பை எங்க வாங்குனீங்க, இன்னிக்குப் பூ என்ன விலை. அப்புறம் அவங்களே சொல்லுவாங்க." அவள் கேட்பது எல்லாமே எதிராளிக்கு நன்றாகத் தெரிந்த விஷயமாக இருக்கும். யாரும் பதில் சொல்லத் தயங்குவதில்லை.

மறுநாள் பாட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன்.

குளத்தின் ஒரு மூலையில் ஒரு தம்பி தள்ளுவண்டி போட்டிருப்பார். சத்துமாவுக் கஞ்சி, முடக்கத்தான் சூப், அருகம்புல் சாறு. (பெயரை இங்கே எழுதவில்லை, அவரிடம் அனுமதி கேட்கவில்லை.) முடக்கத்தானை எங்கிருந்து பறிக்கிறீர்கள் என்று கேட்டேன். சிலைமான் பக்கம் வேலியில் படர்ந்து கிடப்பதை அவர் மனைவி போய்ப் பறித்து வருகிறார் என்பதில் ஆரம்பித்து, மிளகை எப்போது தட்டிப் போட வேண்டும் என்பதுவரை பத்து நிமிடம் சொன்னார். பெயரைக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தார் பாருங்கள், அந்த முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அதுவரை எல்லோரும் அவரை "கஞ்சி" என்றே கூப்பிட்டிருக்கிறார்கள்.

ஒரு மாதம் போயிருக்கும். அன்று வண்டியில் அவருடைய மகள் நின்றாள். என்ன படிக்கிறே என்று கேட்டேன், அஞ்சாவது என்றாள். வயசு? "வர்ற இருபத்தி மூணாந்தேதி பத்து முடியுது சார்" என்றார் அப்பா. கையில் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண் குழந்தைக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். முடிந்துவிட்டால் முடிந்ததுதான். கையில் இருந்தது 19 நாள். கணக்கு போட்டிருக்கிறீர்களா என்றேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. 2015-ல் வந்த திட்டம் அது. வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய் கட்டினால் போதும், 15 வருஷம் கட்டலாம், பிள்ளைக்கு 18 வயது ஆனதும் மேல்படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம். கவுண்டரில் நான் நூற்றுக்கணக்கில் போட்டுக் கொடுத்த கணக்கு. தினமும் பார்க்கிற மனிதரின் வீட்டுக்குள் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

அடுத்த சிக்கல், பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயர் இல்லை. பிறந்தபோது பதிந்ததோடு விட்டுவிட்டார்கள். எனக்கு அந்த வேலை தெரியாது. ஆனால் தினமும் எனக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிற ஒருவர் மாநகராட்சியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று கஞ்சிக்காரத் தம்பி சொன்னார். மறுநாள் வழியில் நிறுத்திக் கேட்டேன். அந்த இடத்திலேயே நின்று, பள்ளிக்கூடத்தில் என்ன வாங்க வேண்டும், மண்டல அலுவலகத்துக்கு என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும் என்று என் கைபேசியில் குறித்துக்கொள்ளச் சொன்னார். பத்தாவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னால் கணக்கு தொடங்கியாயிற்று. பாஸ்புத்தகத்தை வண்டியில் இருந்த மாரியம்மன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அன்று யாரிடமும் கஞ்சிக்குக் காசு வாங்கவில்லை அந்தத் தம்பி.

இதை மகளிடம் போனில் சொன்னேன். அவள் திருச்சியில் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக் கொடுக்கிறாள். அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்பவர் 1973-லேயே இதை எழுதிவிட்டார் அப்பா என்றாள். தெரிந்தவர் மூலமாக வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர்தான். மற்றவர்கள் எப்போதாவது பார்க்கிறவர்கள், அல்லது பார்ப்பதே அபூர்வம் என்றவர்கள். நெருங்கினவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி தள்ளி நிற்கிறவரிடம்தான் இருக்கும். எனக்குச் சட்டென்று புரிந்தது. கஞ்சிக்காரரின் சொந்தபந்தம் அத்தனை பேரும் அவரை மாதிரியே உழைக்கிறவர்கள். அவர்களில் யாரும் தபால் கவுண்டரில் உட்கார்ந்ததில்லை. என் சொந்தத்தில் பாதிப்பேர் அரசு வேலை. அவர்களுக்கு இந்தத் திட்டம் தெரியும், சொல்வதற்கு அந்தப் பக்கம் ஆள் தெரியாது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊரில் புதிதாகப் பழகும்போது மூன்றாவது கேள்வியிலேயே "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு" என்று வந்துவிடும். எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். "நம்மாளுகளா"வை நேராகக் கேட்காமல் சுற்றிக் கேட்பது. அந்தக் கேள்வி விழுந்ததும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்குவதை நான் கவனித்திருக்கிறேன். அதை நான் அடியோடு விட்டுவிட்டேன். பிறர் என்னிடம் கேட்டால் "தெப்பக்குளத்துக்காரன்" என்று சொல்லிவிடுவேன். பழக்கம் அகலமாக வேண்டும் என்று நிஜமாகவே நினைப்பவர்கள் முதலில் விட வேண்டியது இதைத்தான் என்பது என் தீர்மானமான எண்ணம்.

எல்லாமே நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பழகிப் பத்தே நாளில் ஒருவர் ஒரு "மீட்டிங்"குக்குக் கூட்டிப்போனார். மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் மாதாமாதம் பணம் வருமாம். எழுந்து வந்துவிட்டேன், அதன்பிறகு அவர் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். வருத்தமாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து ஒரு வருஷம் பழகாத யாரிடமும் பணப் பேச்சு இல்லை, ஜாமீன் கையெழுத்தும் இல்லை.

இப்போது வட்டம் குளத்தைத் தாண்டிவிட்டது. எதிர்ச்சுற்று மாநகராட்சிக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பசுமை நடைக்குக் கூட்டிப்போனார். மதுரையைச் சுற்றியுள்ள பழைய இடங்களை நடந்து போய்ப் பார்க்கிற குழு, எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கியது. கீழக்குயில்குடி சமணர் மலையில் செட்டிப்புடவு என்கிற குகை வரை ஏறினேன். மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில், தண்ணீர் பாட்டிலை நீட்டிய கல்லூரிப் பையன் இன்று எனக்கு நல்ல பழக்கம். 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள் அல்லவா, அவன் அங்கேதான் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். அஞ்சல் துறைத் தேர்வு பற்றிக் கேட்க அவனோடு இன்னும் நாலு பேர் வருகிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை போகிறேன்.

நட்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்றும் மகள் ஒரு கணக்குச் சொன்னாள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்பவர் 2018-ல் வெளியிட்டது. தெரிந்தவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணிக்கு மேல். நான் நடப்பது தினம் 40 நிமிடம். சேர்ந்து நடந்தால் 50 மணி என்பது 75 நாள், 200 மணி என்பது 300 நாள். மாநகராட்சிக்காரரும் நானும் 300 நாளை எப்போதோ தாண்டிவிட்டோம். போன பொங்கலுக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

செல்வமகள் கணக்கில் ஐந்தாம் தேதிக்குள் பணம் விழுந்தால்தான் அந்த மாத வட்டி அதற்குக் கிடைக்கும். அதனால் நிதியாண்டு தொடங்குகிற ஒவ்வொரு ஏப்ரலும் கஞ்சிக்காரத் தம்பிக்கு நான்தான் ஞாபகப்படுத்துவேன். இந்த ஏப்ரல் 2-ஆம் தேதி காலை, நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே பாஸ்புத்தகத்தை எடுத்து நீட்டினார். "பாப்பாவே போய்க் கட்டிட்டு வந்துட்டா சார். இன்னொண்ணு, எங்க தெருவுல மூணு வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்கு. ஞாயித்துக்கிழமை நீங்க கொஞ்சம் வந்து சொல்ல முடியுமா?"

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.