வலமாகப் படராத கொடி

அம்மாவின் ஒரு பவுன் சங்கிலியைப் போன வியாழக்கிழமை மீட்டு வந்து கையில் கொடுத்தேன். மாதக் கணக்கில் அடகில் கிடந்தது. தரையில் பதிக்கிற பூக்கல்லுக்கு வடிவம் வரைவது என் தொழில். சங்கிலி ஏன் அடகுக்குப் போனது என்று எழுதி வைக்கிறேன். வரையத் தெரியும், அதை வைத்து எப்படிப் பிழைப்பது என்று தெரியவில்லை என்று இருப்பவர்கள் யாராவது படித்தால், இரண்டு மூன்று நடையாவது மிச்சமாகும்.

எனக்குக் காரைக்குடியை அடுத்த பள்ளத்தூர்ப் பக்கம். மதுரையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்துவிட்டுச் சென்னையில் சம்பளமில்லாத பயிற்சி ஏழு மாதம் பார்த்தேன். வாடகை கட்ட முடியாமல் ஊர் திரும்பி, காரைக்குடியில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் வடிவமைக்கிற வேலையில் சேர்ந்தேன். அந்த வேலையாகத்தான் 2022இல் ஓர் ஆச்சி வீட்டுக்குப் போனேன்.

மாப்பிள்ளை அழைப்பு தாமதமாகி, மூன்று மணி நேரம் சும்மா உட்கார வேண்டியிருந்தது. வளவில், அதாவது வீட்டின் உள்பகுதியில், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் தரை முழுக்கப் பூக்கல். காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடி ஊரில் செய்வதால் வெளியே ஆத்தங்குடி டைல்ஸ் என்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும் ஏழெட்டுக் கல் பெயர்ந்து, கடையில் வாங்கிய பளபளப்பான டைல்ஸை வைத்து அடைத்திருந்தார்கள். பார்க்கவே பொறுக்கவில்லை. பையிலிருந்த தாளைப் பழைய கல்லின் மேல் விரித்துப் பென்சிலால் படியெடுத்துக்கொண்டிருந்தேன். ஆச்சி வந்து பின்னால் நின்றது தெரியவில்லை. “இதுல ஆசை இருந்தா ஆத்தங்குடிக்குப் போ. இதே தினுசு போடுற ஆளு இன்னும் இருக்காரு” என்று சொல்லி, பட்டறைக்கு வழியும் சொன்னார். எனக்கு இந்தத் தொழில் கிடைத்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். எந்த வேலைவாய்ப்புத் தளத்திலும் இல்லை.

பட்டறைப் பெரியவருக்கு எழுபதுக்கு மேல் வயது. நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறேன், அவர் என்னைத் தாயி என்பார். முதல் நாள் என் கணினி வரைபடங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு. ஊத்த முடியாது” என்றார். காரணம் சொல்லவில்லை. “வந்து இரு. கூலி கெடையாது, மதியச் சோறு உண்டு” என்றார்.

முதல் மூன்று வாரம் கண்ணாடி துடைத்தேன். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. பூக்கல் கண்ணாடியின் மேல்தான் உருவாகிறது. சதுரக் கண்ணாடியை வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டு, நடுவில் தகடு வளைத்துச் செய்த அச்சை இறக்கி, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் ஈரத்தை உறிஞ்ச உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அதன் மேல் காரை போட்டு அழுத்துவார்கள். அடுப்பு, சூளை எதுவும் கிடையாது. காய்ந்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறி, வெளியே வந்து உலர்ந்த பிறகு கண்ணாடி தானாகக் கல்லை விடும். அந்த வழவழப்பு முழுக்கக் கண்ணாடி தந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறல் கல்லிலும் இருக்கும். ஒரு நாள் என் கட்டைவிரல் ரேகை பதிந்த கல்லை எடுத்துக் காட்டினார். அன்றிலிருந்து கோபம் போய்விட்டது.

“ஊத்த முடியாது” என்பதன் பொருள் கரண்டியைக் கையில் வாங்கிய பிறகுதான் புரிந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் நாலு பக்கமும் மூடிய அறை வேண்டும். நான் திரையில் ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைய விட்டிருந்தேன், அதற்கு அச்சே செய்ய முடியாது. இலையின் நுனியைக் கூராக இழுத்தால் கலவை அந்த முனைக்குப் போகாது, காற்று அடைத்துக்கொள்ளும். கலவை தோசை மாவைவிடத் தளர்ந்தால், அச்சைத் தூக்கும் நொடியில் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். இதெல்லாம் ஒரு வருடப் பாடம். இடையில் என் கை வெந்தது. சிமெண்டுத் தண்ணீர் விரல் இடுக்கைத் தின்றுவிடும், கையுறை இல்லாமல் யாரும் தொடாதீர்கள். அதைத் தைரியம் என்று நினைத்து இரண்டு வாரம் வலியோடு அலைந்தேன். அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, “படிச்ச படிப்புக்கு இதுவா” என்று அழுதார். ஆல்பம் வேலையை விடாமல் இரவில் செய்து கொடுத்ததால்தான் வீட்டில் தாக்குப்பிடித்தேன். ஆகவே இருக்கிற வேலையை முதல் வருடத்தில் விட்டுவிடாதீர்கள்.

இனி அந்தக் கொடி விஷயத்துக்கு வருகிறேன்.

2025 தொடக்கத்தில் அதே ஆச்சி வீட்டைப் பழுது பார்த்தார்கள். முற்றத்தைச் சுற்றி ஓடும் கரையைப் புதிதாகப் போட வேண்டும், வரைவது நான், ஊற்றுவது பெரியப்பா பட்டறை. என் பெயரில் வந்த முதல் வேலை. எட்டு அங்குலக் கல், மூலைக்கல் நாலும் சேர்த்து 210. ஒரு கொடி, இலைகள் ஒரே திசையில் சாய்ந்து படர்வது போல வரைந்தேன். முற்றத்துப் பக்கம் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. ஓடுகிற கல்லுக்கு ஓர் அச்சு, மூலைக்கு ஓர் அச்சு, இரண்டுக்கும் 14,000 ரூபாய் ஆனது.

அச்சு செய்யக் கொடுக்கும் முன் பெரியப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். “கண்ணாடியில பாத்தியா தாயி?” என்றார். படத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து அளவு பார்த்திருந்தேன். அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “பாத்துட்டேன் பெரியப்பா” என்றேன். அவர் கேட்டது முகம் பார்க்கிற கண்ணாடியை. ஊற்றும்போது நாம் பார்ப்பது கல்லின் முதுகுப் பக்கம். கல்லின் முகம் கீழே, கண்ணாடியில் படிந்து கிடக்கிறது. புரட்டினால் வலது இடதாகிவிடும். வழக்கமான பூக்கல்லில் நட்சத்திரமும் பூவும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் இந்தச் சிக்கலே வராது. பட்டறையில் வேறு யாருக்கும் அதைப் பார்க்கிற பழக்கம் இல்லாததற்கு அதுதான் காரணம். பெரியப்பாவோ அந்த வாரமே கண்புரை அறுவைக்குப் போய்விட்டார்.

மாதிரிக் கல் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். ஒற்றைக் கல்லில் நிறம்தான் தெரியும், திசை தெரியாது. நாலு கல்லை வரிசையாக வைத்து, கூடவே ஒரு மூலைக்கல்லையும் சேர்த்து, எந்தப் பக்கம் முற்றம் என்று நின்று பார்க்க வேண்டும். இதை எழுதும்போது இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

210 கல்லும் வீட்டில் இறங்கின. கொத்தனார் ஒரு பக்கம் வெறுமனே அடுக்கிக் காட்டினார். ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “என்ன பிள்ளை, கொடி இடமாச் சுத்துது? வீட்டுக்குள்ள வலமாத்தான் வரணும்” என்றார். குரலை உயர்த்தவில்லை. கல்லை அரைச்சுற்றுத் திருப்பி வைத்துப் பார்த்தோம். கொடி வலமாக வந்தது, கறுப்புக் கோடு முற்றத்தை விட்டுச் சுவர்ப் பக்கம் போய்விட்டது. முற்றத்தின் விளிம்புக்கு அந்தக் கோடுதான் கரை. அது இல்லாமல் பார்க்க முடியவில்லை.

மறுபடி செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையில் காசில்லை. அச்சு, கல், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 40,000 வேண்டியிருந்தது.

முதலில் கைவினைஞர்களுக்குத் தமிழக அரசு கொண்டுவந்த கலைஞர் கைவினைத் திட்டம் என்று கேள்விப்பட்டு ஓடினேன். 3 லட்சம் வரை கடன், 25 விழுக்காடு மானியம் என்றதும் எனக்காகவே வந்தது போல இருந்தது. சிவகங்கையில் ஓர் அலுவலகத்தில் காலை பத்தரைக்கு உட்கார்ந்தேன். சாப்பாட்டு நேரம் முடிந்து, மூன்று மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். எழுத்தர் என் ஆதாரை ஒரு தடவை பார்த்தார். “35 ஆகலையேம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தத் திட்டத்துக்குக் குறைந்தது 35 வயது வேண்டும். எனக்கு 26. காலையிலேயே, நின்ற இடத்தில், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதியைப் படிக்காமல் கிளம்பியது என் தவறு. ஆனாலும் நாலரை மணி நேரம் காக்க வைத்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அடுத்தது முத்ரா, சிறு தொழிலுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். 50,000 வரை அதில் சிசு பிரிவு, பிணையம் கேட்கக் கூடாது. வங்கியில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் பதிந்த சான்று, கேட்டார்கள். ஒரு கணினி மையத்தில் 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்தார்கள். அந்தப் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் கிடையாது. ஆதாரும், ஆதாரோடு இணைந்த கைபேசியும் இருந்தால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். இதை நான் தெரிந்துகொண்டது பணம் கொடுத்த மூன்றாம் நாள். தாளோடு போனால், அச்சு செய்கிறவரிடம் ஜிஎஸ்டி எண் போட்ட விலைப்பட்டியல் வாங்கி வரச் சொன்னார்கள். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தகடு வளைக்கிற மனிதர், அவரிடம் ரசீதுப் புத்தகமே கிடையாது. அதைச் சொன்னதும், அப்படியானால் சொத்து உள்ள ஒருவர் ஜாமீன் போடட்டும் என்றார்கள். பிணையம் இல்லாத கடன் என்று சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். “அது பொதுவா போட்டிருக்கு” என்று பதில் வந்தது. மூன்று நடை போனேன், நாலாவது போகவில்லை. அன்று இரவு அம்மா தானாகவே சங்கிலியைக் கழற்றி மேசையில் வைத்தார். நகைக் கடன் இருபது நிமிடத்தில் கிடைத்தது.

இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆச்சி முழுப் பணத்தையும் கொடுத்தார்.

இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். ஒப்புதல் வாங்கும்போது வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். தரையின் படத்தை வரைந்து, அம்புக்குறி போட்டு, எந்தப் பக்கம் முற்றம், எந்தப் பக்கம் சுவர் என்று எழுதி வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். அப்புறம், பதித்து முடித்ததும் சிமெண்டுக் கறையைப் போக்க ஆசிட் ஊற்ற வேண்டாம் என்று கொத்தனாரிடம் நேரில் நின்று சொல்லுங்கள். ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரித்துப்போய் நிறம் வெளுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. பழைய வீடுகளில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தும், கால் பட்டுப் பட்டும்தான் அந்த மினுமினுப்பு வந்திருக்கிறது.

தவறான 210 கல்லும் பட்டறைப் பின்சுவரில் ஐந்து மாதம் சாத்திக் கிடந்தன. தொட்டிக்குப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண் தேறிப் பெரியப்பா திரும்பி வந்ததும் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “நான் வெளங்கச் சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒரு கல்லை எடுத்து நெடுநேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவகோட்டையிலிருந்து ஒருவர் வந்தார். வீட்டின் இரண்டாம் கட்டில் (வளவுக்கு அடுத்த பகுதி) பந்தி நடக்கிற நீளக் கூடத்துக்குச் சுவரோரமாக ஒரு கரை வேண்டும், முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்றார். நான் வழக்கமான தினுசுகளை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பெரியப்பா எழுந்து பின்சுவருக்குப் போய் நாலு கல்லைக் கொண்டு வந்து, தலைகீழாகத் திருப்பி, தரையில் வரிசையாக வைத்தார். கொடி வலமாகப் போயிற்று. கறுப்புக் கோடு சுவர்ப் பக்கம் போய் ஒட்டி நின்றது. முற்றத்தில் எது குறையாக இருந்ததோ, சுவரோரத்தில் அதுதான் பொருத்தமாக இருந்தது. ஐந்து மாதம் நான் அந்தக் கல்லைப் பார்க்காமலே நடந்திருக்கிறேன், அவர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

வந்தவர் அங்கேயே முன்பணம் கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் சங்கிலி திரும்பியது. மூலைக்கல் நாலும் அங்கே ஒத்துவரவில்லை, அந்த இடங்களில் வெறும் கறுப்புக் கல் போட்டோம். அடுக்கி எடுத்ததில் பதினொன்று விளிம்பு உடைந்திருந்தன, கணக்குப் பார்த்தால் ஆறு குறைந்தது. பழைய அச்சைத் தேடியெடுத்துத் தேய்த்துக் கழுவிப் பெரியப்பா என்னிடம் நீட்டினார். அந்த ஆறையும் நானே ஊற்றினேன். பச்சை மட்டும் ஒரு சிட்டிகை தூக்கலாகிவிட்டது. வடக்குச் சுவரில், சன்னலுக்குக் கீழே அவை இருக்கின்றன.