வடகம் காயாத ஊரில் குடியேறுவது

சித்திரையில் காரைக்குடி மொட்டைமாடியில் வேட்டி விரித்துப் பிழிந்த கூழ்வடகம் மூன்றே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். அதே கூழைச் சிங்கப்பூர் அடுக்குமாடி பால்கனியில் பிழிந்தால் இரண்டாம் நாள் பிசுபிசுக்கும். மூன்றாம் நாள் பூஞ்சை பிடிக்கும். வெயிலைக் குறை சொல்ல முடியாது, அது சுள்ளென்றுதான் அடிக்கிறது. காற்றில்தான் அவ்வளவு ஈரம். விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில்கூட 60க்கு அருகில்தான் இறங்கும். வியர்வையும் இதனால்தான் உலராமல் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது.

காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு 10 பாகை வடக்கே இருக்கிறது. சிங்கப்பூர் 1 பாகை சொச்சம்தான். நாம் மார்கழிப் பனி, அக்கினி நட்சத்திரம், ஐப்பசி அடைமழை என்று மாதம் பார்த்துப் பழகியவர்கள். அங்கே தைக்கும் வைகாசிக்கும் சராசரியில் இரண்டு டிகிரிதான் வித்தியாசம். ஒரே நாளின் விடியலுக்கும் மதியத்துக்கும் ஆறேழு டிகிரி இருக்கும். அதனால் மணி பார்த்து வாழப் பழக வேண்டும்.

அந்த மணியிலும் ஒரு சிக்கல். 1982இலிருந்து சிங்கப்பூர்க் கடிகாரம் கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னே ஓடுகிறது. சூரியக் கணக்குப்படி 7 மணி நேரம்தான் இருக்க வேண்டும். ஆகவே விடிவதே 7 மணியை ஒட்டித்தான். உச்சிவெயில் 1 மணிக்கு. வெளிவேலைகளை 10 மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதன்பின் சூடான ஈரக்காற்று மேலேறி, கடற்காற்றும் வந்து மோத, மேகம் கோபுரம்போல் எழும். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். 33 டிகிரி அரைமணியில் 25க்கு இறங்கும். மழை ஓய்ந்ததும் வெயில் வந்து தரையெல்லாம் ஆவி பறக்கும். இடி கேட்டால் திடலிலோ மரத்தடியிலோ நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.

‘சுமத்ரா’ என்று அங்கே சொல்லும் சூறைக்காற்று வேறு ரகம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ, மேற்கிலிருந்து வரும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அடங்கிவிடும். இரவில் துணிக்கழியை வெளியே விட்டுத் தூங்கக் கூடாது. பத்தாவது மாடியிலிருந்து மூங்கில் கழி விழுந்தால் கீழே போகிறவர் கதி என்ன?

பையில் குடையோடு ஒரு மாற்றுச் சட்டையும் மெல்லிய சால்வையும் இருக்கட்டும். நனைந்த சட்டையோடு ஏசி ரயிலில் ஏறினால் பல் கிட்டிக்கும்.

அலமாரிதான் உண்மையான சோதனை. நம் கண்டாங்கி அங்கத்துப் புழுக்கத்துக்கு அருமையான சேலை, ஆனால் கஞ்சி போட்டு மடித்து வைக்காதீர்கள். கஞ்சியில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள், உடுத்தும் வாரத்தில் போட்டுக்கொள்ளலாம். பட்டுச் சேலையைப் பிளாஸ்டிக் உறையில் போடாமல் பருத்தித் துணியில் சுற்றி, மாதம் ஒருமுறை ஏசி அறையில் பிரித்து ஆற்றுங்கள். தோல் செருப்பைப் பெட்டியில் அடைத்தால் பச்சை படர்ந்துவிடும். தேன்குழல், சீப்புச்சீடையை ஒரே பெரிய சம்படத்தில் வைத்தால் திறக்கத் திறக்க நமுத்துப்போகும். சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஒவ்வொன்றாகத் திறங்கள். மிளகாய்ப்பொடி கட்டி தட்டும், அதற்குக் குளிர்பெட்டிதான் இடம். இட்லி மாவு மட்டும் நமக்குச் சாதகம்: ஆண்டு முழுக்க ஒரே சூடு என்பதால் எட்டு மணி நேரத்தில் தவறாமல் பொங்கிவிடும், மார்கழியில் போர்வை போர்த்திக் காத்திருக்க வேண்டியதில்லை.

வடகத்தை ஊரிலிருந்தே காயவைத்து எடுத்துப்போவது உத்தமம். அங்கேதான் பிழிவேன் என்பவர்கள் பிப்ரவரிக்குக் காத்திருங்கள். சிங்கப்பூரில் மழை மிகக் குறைந்த மாதம் அது, காற்றும் இருக்கும். கூழைக் கெட்டியாகக் கிளறி, மெல்லிசாகப் பிழிந்து, 10 மணிக்கு வெளியே வைத்து 2 மணிக்கு உள்ளே எடுத்துவிடுங்கள். இரவு முழுக்க ஏசியை ஈரம் உறிஞ்சும் முறையில் போட்டு, மின்விசிறியடியில் பரப்புங்கள்.