சட்டப் பட்டம் கையில், கறுப்பு அங்கி எப்போது?

சட்டக் கல்லூரியில் இடம் வாங்கத்தான் எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். வீட்டில் வக்கீல் என்று ஒருவரும் இல்லாத தலித், பழங்குடிப் பிள்ளைகள் பலர் இடறுவது அதற்குப் பிறகு: பட்டம் வாங்கியதற்கும் கோர்ட்டில் நிற்பதற்கும் நடுவே. ஆண்டுதோறும் உடன் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புகிறவர்கள் என்ற முறையில், எது எங்கே சிக்கும் என்று எழுதிவைக்கிறோம்.

கல்லூரிச் சேர்க்கையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். குறைந்தபட்சம் பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்சி, எஸ்டிக்கு 40. 69 சதவீத இடஒதுக்கீட்டில் எஸ்சிக்கு 15, அருந்ததியருக்கு 3, எஸ்டிக்கு 1. ஒரு எச்சரிக்கை: பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குத் தகுதியில்லை. பணம் கட்டிச் சேர்ந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டால் யாரும் காப்பாற்ற முடியாது.

சாதிச் சான்றிதழை முதலாண்டிலேயே சரிபாருங்கள். எஸ்சி சான்றிதழ் தாலுகா அலுவலகத்தோடு முடியும். எஸ்டி சான்றிதழ் கோட்டாட்சியர் தரவேண்டியது. நேரடி விசாரணை உண்டு, மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே பட்டம் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவர்கள் இங்கே பிசி பட்டியலில் வருவதால், கீழே சொல்லும் கட்டணச் சலுகை அவர்களுக்குக் கிடையாது.

அடுத்தது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ‘மு. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’, பட்டத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டு. கோர்ட்டில் வாதாட மாநில பார் கவுன்சிலில் (வழக்கறிஞர்களைப் பதிவுசெய்யும் அமைப்பு) செய்யவேண்டிய பதிவு தள்ளிப்போக இது ஒன்றே போதும். பத்தாவது சான்றிதழில் உள்ள பெயரை மூலமாக வைத்து, ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் எளிது; தலைகீழாகச் செய்யப் போனால் அரசிதழ் வரை அலையவேண்டும்.

இனி பணம். வழக்கறிஞர் சட்டம், 1961இன் 24ஆவது பிரிவு சொல்லும் பதிவுக் கட்டணம் 750 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு 125. ஆனால் நூலக நிதி, அடையாள அட்டை, நலநிதி என்று தலைப்புகளைச் சேர்த்து மாநில பார் கவுன்சில்கள் பல்லாயிரம் வாங்கிவந்தன. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டம் சொன்னதற்கு மேல் வாங்கக் கூடாது என்றது. முத்திரைக் கட்டணம் மட்டும் தனி. தீர்ப்பு அன்றிலிருந்துதான் செல்லும். முன்பு கட்டியதைத் திருப்பிக் கேட்க முடியாது. ‘விருப்பக் கட்டணம்’ என்ற பெயரில் வாங்குவதும் கூடாது என்று 2025 ஆகஸ்ட்டில் அதே நீதிமன்றம் கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது. கவுண்டரில் கூடுதலாகக் கேட்டால் எந்தத் தலைப்பில் என்று எழுத்தில் கேளுங்கள். சண்டை போட வேண்டாம், ரசீது போதும்.

பதிவுக்கு முன் நடக்கும் போலீஸ் சரிபார்ப்புதான் எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையான மேடு. ஊர்த் தகராறு, கோயில் திருவிழா, சாலை மறியல் என்று எஃப்ஐஆரில் மொத்தமாகப் பெயர் சேர்ப்பது சேரிக்குப் புதிதல்ல. வழக்கு இருந்தால் உறுதிமொழிப் பத்திரத்தில் அப்படியே எழுதுங்கள். முடிந்த வழக்கென்றால் எஃப்ஐஆர் நகலும் தீர்ப்பு நகலும் சேருங்கள். சின்ன வழக்குதானே என்று மறைத்தால், வழக்கைவிட மறைத்ததே பெரிய சிக்கலாகிவிடும்.

பதிவானதும் ஏஐபிஇ எனும் அகில இந்திய பார் தேர்வு. இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். 100 கேள்வி, தப்பு விடைக்கு மதிப்பெண் கழிக்கமாட்டார்கள், எனவே ஒன்றையும் விடாதீர்கள். எஸ்சி, எஸ்டிக்குத் தேர்ச்சி 40 சதவீதம். குறிப்பு எழுதாத சட்டப் புத்தகங்களைக் கொண்டுபோகலாம். 2024 தேர்வுக்கு எஸ்சி, எஸ்டி கட்டணம் 2,500 ரூபாய். பதிவுக்கு 125, தேர்வுக்கு அதைப்போல் 20 மடங்கு!

பிறகு, தொழில் பழக ஒரு சீனியர் வக்கீலைத் தேடும் படலம். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியருக்கு மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 தரவேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பல அலுவலகங்களில் பஸ் காசுதான் வருகிறது. சேருமுன் தொகையைக் கேட்கத் தயங்காதீர்கள். ஏழைக் குடும்ப இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 3,000 வீதம் இரண்டு ஆண்டு தரும் மாநில அரசின் உதவித்தொகைக்கும் வருமானச் சான்றோடு விண்ணப்பியுங்கள். சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காதீர்கள். மனு எழுதத் தருகிறாரா, வாய்தா வாங்க மட்டும் அனுப்புகிறாரா என்று அங்கிருக்கும் ஜூனியரிடம் கேளுங்கள். மூன்று ஆண்டு தொழில் செய்தபின் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலுக்கு மனு போடலாம். நீங்கள் ஆஜரான வழக்குகளின் எண்களை முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்துவாருங்கள்.