சாம்பியன்ஸ் லீக் நாட்குறிப்பு, 2019: அயாக்ஸ் பக்கம்

பிப்ரவரி 14

ஐரோப்பிய கிளப் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக்கில் இரண்டு ஆட்டம் கொண்ட சுற்று இது. முதல் ஆட்டத்தில் டச்சு கிளப் அயாக்ஸை அதன் ஊரான ஆம்ஸ்டர்டாமிலேயே ரியல் மாட்ரிட் 2-1 என்று ஜெயித்துவிட்டது. ஆனால் முதல் பாதி முழுக்கத் திணறியது மாட்ரிட்தான். அயாக்ஸின் தாலியாஃபிகோ தலையால் முட்டிய கோலை வீடியோ நடுவர் ரத்து செய்தார். சக வீரர் தாடிச் ஆஃப்சைடில் நின்று கோல்கீப்பரை மறித்தாராம். கடைசி நிமிடங்களில் மாட்ரிட் கேப்டன் ராமோஸ் வேண்டுமென்றே ஒரு மஞ்சள் அட்டை வாங்கினார். அதனால் அடுத்த ஆட்டத்தில் ஆடத் தடை. காலிறுதிக்குள் அதை முடித்துக்கொள்ளும் கணக்கு. அயாக்ஸை இவ்வளவு லேசாக எடைபோடலாமா?

மார்ச் 6

1-4. மாட்ரிட்டில், பெர்னபேயூவில்! தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பையைக் கையில் வைத்திருந்த அணி வெளியே போய்விட்டது. வேண்டுமென்றே வாங்கிய அட்டை என்று ஐரோப்பிய கால்பந்துச் சங்கமான யூஎஃபா ராமோஸின் தடையை இரண்டு ஆட்டமாக்கிவிட்டது. அந்தத் தடையால் அவர் களத்தில் இல்லை. இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

18ஆவது நிமிடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மாட்ரிட்டின் கசமீரோ எதிரே வருகிறார். தாடிச் பந்தின்மேல் காலை வைத்து, முதுகைக் காட்டி ஒரு முழுச் சுற்று சுற்றி அவரைத் தாண்டுகிறார். பார்வையை உயர்த்தி நேரெஸுக்குத் தள்ளுகிறார். நேரெஸ் கோல்கீப்பர் கூர்த்வாவின் மேலாகப் பந்தைத் தூக்கிவிடுகிறார். அதில் ஓர் அவசரமும் இல்லை. பின்பாதியில் தாடிச் தானே ஒன்று அடித்தார். அதற்கு முன் பந்து பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டியதா என்று வீடியோவில் வெகுநேரம் தேடினார்கள். கோல் நின்றது.

ஏப்ரல் 11

காலிறுதியின் முதல் ஆட்டம், இத்தாலியின் யுவென்டஸுடன் 1-1. ரொனால்டோ இடைவேளைக்கு முன், நேரெஸ் இடைவேளை முடிந்த கையோடு. அடுத்தது அவர்கள் ஊரான டூரினில், பார்க்கலாம்.

ஏப்ரல் 17

டூரினில் 2-1! ரொனால்டோ முதலில் அடித்தும் இந்தப் பையன்கள் கலங்கவில்லை. வான் டி பேக் சமன் செய்தார். 67ஆவது நிமிடத்தில் ஷோனெ அடித்த கார்னருக்கு டி லிக்ட் இரண்டு பேருக்கு நடுவே எம்பி முட்டினார். வயது 19, அதற்குள் கேப்டன். போன ஜூலையில் இரண்டாம் தகுதிச் சுற்றில் ஆட்டத்தைத் தொடங்கிய அணி இது. இப்போது 1997க்குப் பிறகு முதல்முறையாக அரையிறுதி.

நடுக்கள வீரர் டி யாங் பார்சலோனாவுக்குப் போவது ஜனவரியிலேயே முடிவாகிவிட்டது. மற்றவர்களையும் பணக்கார கிளப்புகள் சும்மா விடப்போவதில்லை. அதனால்தான் ஒவ்வோர் ஆட்டத்தையும் இப்படிக் கண்கொட்டாமல் பார்க்கிறேன்.

மே 1

அரையிறுதியின் முதல் ஆட்டம், லண்டனில் டாட்டன்ஹாம் ஸ்பர்ஸை 1-0. வான் டி பேக்தான் மறுபடியும். இந்த ஆட்டத்துக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று டச்சு லீக் ஒரு சுற்றையே தள்ளிவைத்தது. நாடே ஒரு கிளப்புக்குத் தோள் கொடுப்பது எவ்வளவு நல்ல விஷயம். ஸ்பர்ஸ் அணியில் அல்டெர்வெய்ரெல்ட், வெர்டொங்கன், எரிக்சன், சான்செஸ் நாலு பேருமே அயாக்ஸில் ஆடியவர்கள்.

மே 8

இன்னோர் அரையிறுதியில் நேற்று லிவர்பூல் பார்சலோனாவை 4-0 என்று சாய்த்தது. முதல் ஆட்டத்தில் 0-3 பின்தங்கிய அணி! அலெக்ஸாண்டர்-ஆர்னால்ட் சட்டென்று போட்ட கார்னர் நடந்ததே பார்சலோனாக்காரர்களுக்குத் தெரியவில்லை. இன்றிரவு நம்முடையது.

மே 9

எழுதவே கை வரவில்லை.

வார்ம்-அப்பிலேயே நேரெஸுக்கு அடிபட்டு டோல்பெர்க் இறங்கினார். ஆனாலும் ஐந்தாவது நிமிடத்தில் டி லிக்ட், 35இல் ஸியெக். மொத்தக் கணக்கில் 3-0. இடைவேளைக்குப் பிறகு யொரெண்டே வந்ததும் ஸ்பர்ஸ் பந்தை நேராக மேலே அடிக்கத் தொடங்கியது. ஸ்பர்ஸின் லூகாஸ் மோரா நாலு நிமிட இடைவெளியில் இரண்டு அடித்தார். ஸியெக் அடித்தது கம்பத்தில் பட்டது. அது உள்ளே போயிருந்தால்...

இஞ்சுரி டைம் ஐந்து நிமிடம். அதுவும் முடிகிற நேரம். சிஸோகோ ஒரு நெடும்பந்து அடித்தார். டெலி ஆலி லேசாகத் தட்டிவிட, மோரா இடது காலால் மூலையில் சேர்த்தார். மொத்தம் 3-3. எதிரணி மைதானத்தில் அடித்த கோல் கணக்கில் (ஸ்பர்ஸ் மூன்று, அயாக்ஸ் ஒன்று) ஸ்பர்ஸ் இறுதிக்குப் போனது. அயாக்ஸ் வீரர்கள் ஆளுக்கொரு பக்கம் புல்லில் சரிந்து விழுந்தார்கள். மோரா ஜெயிக்கத் தகுதியானவர், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு ஆட்டம் சமமாக முடிந்தபின் எங்கே அடித்த கோல் என்று பார்ப்பது நியாயமாகப் படவில்லை. அரை மணி நேரம் கூடுதலாக ஆடவிடலாமே.

மே 16

டச்சு லீக் பட்டம் அயாக்ஸுக்கே. இது 34ஆவது. 34 என்பது அயாக்ஸ் வீரர் நூரியின் சட்டை எண். 2017இல் களத்திலேயே இதயம் நின்று மூளை பாதிக்கப்பட்ட நூரி, இவர்களில் பலரோடு வளர்ந்தவர். அந்தப் பையன்களுக்கு இது வெறும் கோப்பை இல்லை.

ஜூன் 2

இறுதி ஆட்டத்தில் ஸ்பர்ஸுக்கு எதிராக லிவர்பூல் 2-0. ஆரம்பத்திலேயே சிஸோகோவின் கையில் பட்டு பெனால்டி, சலா அடித்தார். கடைசியில் ஒரிகி. லிவர்பூல் பயிற்சியாளர் க்ளாப்புக்குச் சேர வேண்டியதுதான், ஆட்டம்தான் சப்பென்று இருந்தது.

அயாக்ஸ் டச்சு சாம்பியன் ஆகியும் அடுத்த சீசனில் நேரடி இடம் கிடையாது. மறுபடியும் ஆகஸ்டில் தகுதிச் சுற்று, டி யாங் இல்லாமல்.