ஸ்டோக் ரோ: கிணற்றடிக் குறிப்புகள்

ஏப்ரல் 29
இந்தக் கிணற்றின் ஆழம் 368 அடி.

ஏப்ரல் 30
விடாத மழை. ஆனால் கிணறு வருவதற்கு முந்தைய காலத்தில், இங்கிலாந்தின் இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடையாது. ஊர் இருக்கிற சில்டர்ன் குன்றுகள் முழுக்கச் சுண்ணப்பாறை. விழுந்த மழையெல்லாம் அடியில் இறங்கிவிடும். மேலே இருக்கிற களிமண் கொஞ்சத்தைக் குட்டையாகத் தேக்கும். செங்கலுக்கு மண் வெட்டிய பள்ளங்களில் கிடந்த கலங்கலைத்தான் மொண்டு குடித்திருக்கிறார்கள். சமைத்த தண்ணீரைக்கூடக் கொட்டாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார்களாம்.

மே 2
வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்ததற்காகத் தாயிடம் அடி வாங்கிய பையன். பக்கத்து ஊரான இப்ஸ்டனின் பண்ணையார் எட்வர்ட் ரீட், வட இந்தியாவில் அதிகாரியாக இருந்தபோது இதைக் காசி மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். ரீட் 1831-இல் ஆஜம்கரில் கிணறு வெட்ட உதவியவர். மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங் அதற்குக் கைம்மாறாக இங்கே கிணறு வெட்டப் பணம் கொடுத்தார். பையன் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மே 3
தபால் இல்லை.

மே 5
1863 மார்ச் 10-இல் வெட்டத் தொடங்கி, 1864 மே 24, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் திறந்தார்கள். எல்லாம் கையால் வெட்டியது. விட்டம் 4 அடிதான். ஒரு ஆள் குந்தி வெட்டலாம், பக்கத்தில் இன்னொருவருக்கு இடமில்லை. ஆளைக் கூட்டி வேலையை விரைவுபடுத்த வழியே கிடையாது. கணக்குப் போட்டால் 4,600 கன அடிக்கு மேல் மண்ணும் பாறையும், ஒவ்வொரு கூடையும் அந்த ஆளின் தலைக்கு மேலேயே ஏறிப் போகும். நழுவினால் ஒதுங்க இடமில்லை. தூக்குக்குண்டு நூல் பிசகக் கூடாது: குழி சாய்ந்தால் பிற்பாடு வாளி சுவரில் இடித்துப் பாதித் தண்ணீர் சிந்திவிடும். காற்று அதைவிட மோசம். இவ்வளவு ஆழத்தில் மெழுகுவத்தி மங்கினால் ஆள் உடனே மேலே வர வேண்டும்.

பிரைட்டன் பக்கத்து வூடிங்டீன் கிணறு 1,285 அடி. அதை நினைக்கவே வேண்டாம்.

மே 6
வர நினைப்பவர்களுக்கு: ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ஹென்லியிலிருந்து மேற்கே சுமார் 5 மைல். கிணறு சாலையோரத்திலேயே இருக்கிறது, கட்டணம் இல்லை. குவிமாடத்தின் கீழே பொன் பூசிய யானை நிற்கும். அது 1870-க்குச் சற்று முன்பின் சேர்ந்தது. எல்லோரும் யானையைப் படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். எட்டிப் பார்ப்பவர் குறைவு.

மே 9
வாளியைத் தூக்கச் சுற்றும் பொறியை வாலிங்ஃபோர்ட் என்ற ஊரில் செய்தார்கள். ஒரு வாளி மேலே வரப் பத்து நிமிடம். முதல் சுற்றுகள்தான் கடினம்: தண்ணீரோடு தொங்குகிற வடத்தின் எடையையும் சேர்த்துத் தூக்க வேண்டும். வாளி ஏற ஏறக் கை இலேசாகும். அவசரப்பட்டுச் சுழற்றினால் வாளி ஆடும்.

மே 10
பத்து நிமிடம். தாகத்தில் நிற்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு நேரம்!

மே 12
கிணறு வெட்டுவதோடு செலவு முடியாது. பராமரிப்புக்கென்றே பக்கத்தில் செர்ரித் தோட்டம் வைத்தார்கள், பழம் விற்ற காசு கிணற்றுக்கு. பெயர் இஷ்ரி பாக். காவலாளிக்கு ஒரு சிறு வீடும் உண்டு. அன்னசத்திரத்துக்கு நிலம் எழுதி வைப்பது போலத்தான். தானம் கொடுப்பவர்கள் பலரும் மறந்துவிடுகிற பகுதி இது.

தபால் இன்றும் இல்லை.

மே 14
1964 நூற்றாண்டு விழாவுக்கு இளவரசர் பிலிப் வந்தபோது கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் ஊற்றினார்கள். அதற்குள் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்து, வாளி நின்றுபோயிருந்தது.

மே 15
மழை விட்டது. தபால்காரர் வண்டிச் சத்தம்